ஒளி வருகிறது; எவ்வளவு வருகிறது?

2011 செப்டம்பரில் வந்த ஓர் அறிவிப்பு இயற்பியல் உலகை உலுக்கியது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வு மையத்திலிருந்து கிளம்பிய நியூட்ரினோ துகள்கள், பூமிக்குள்ளேயே சுமார் 730 கிலோமீட்டர் கடந்து, இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இருக்கும் ஓபெரா கருவியை அடைந்தன. ஒளிக்குத் தேவைப்படும் நேரத்தைவிட 60 நானோ விநாடி முன்னதாகவே அவை வந்துவிட்டன என்றது அந்த அறிவிப்பு. ஐன்ஸ்டைன் சொன்னது தவறா என்று உலகமே பேசியது. ஐந்து மாதம் கழித்துக் காரணம் வெளிவந்தது. ஜி.பி.எஸ். நேரத்தை மலைக்கு வெளியிலிருந்து சுரங்க ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் 8 கிலோமீட்டர் ஃபைபரின் முனையில், கனெக்டர் ஒன்று சரியாக முறுக்கப்படாமல் இருந்தது.

அந்த இணைப்பு அறுந்துபோகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒளி வந்துகொண்டுதான் இருந்தது, குறைவாக வந்தது. ஒளி குறைந்ததால் ஏற்பியின் மின்துடிப்பு மெதுவாக எழும்பியது. ‘சிக்னல் வந்துவிட்டது’ என்று சுற்று ஏற்றுக்கொள்ளும் அளவை அது எட்டுவதற்கு 73 நானோ விநாடியளவு பிந்தியது. சுரங்கத்துக் கடிகாரம் அந்த அளவுக்குப் பின்தங்கவே, துகள்கள் முந்தி வந்ததாகப் பதிவானது. கடிகாரத்திலேயே இருந்த வேறொரு சிறு பிழை எதிர்த்திசையில் கொஞ்சம் ஈடுகட்டியது. 2012இல் கணக்கைத் திருத்தியபோது நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்பது உறுதியானது. அதற்குள் ஓபெரா குழுவை முன்னின்று நடத்தியவர் பதவி விலகியிருந்தார்.

கல்லூரி வளாகத்திலும் மருத்துவமனையிலும் ஆலையிலும் இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே ஓடும் ஃபைபரில் வரும் பழுதும் பல நேரம் இதே வகைதான். ஸ்விட்சில் பச்சை விளக்கு எரியும். ‘லிங்க் இருக்கு’ என்பார்கள். ஆனால் எதிர்க் கட்டடத்தில் எக்ஸ்ரே படம் திறக்க ஒரு யுகம் ஆகும். பலவீனமான ஒளியில் சில பிட்டுகள் தவறாகப் படிக்கப்படுகின்றன. பிழையான பாக்கெட்டை ஸ்விட்ச் தூக்கி எறிகிறது, கணினி மறுபடி அனுப்புகிறது. பயனாளியின் கண்ணுக்குத் தெரிவது ‘நெட் ஸ்லோ’ என்பது மட்டுமே. உடனே சர்வரைத் திட்டுவார்கள், மென்பொருளைத் திட்டுவார்கள். கனெக்டரின் முனையை யாரும் பார்ப்பதில்லை.

அந்த முனையை நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு அதை அலட்சியமாகத் தொடமாட்டார்கள். வெள்ளை செராமிக் உருளையின் நடுவே 125 மைக்ரான் விட்டமுள்ள கண்ணாடி. அதற்கும் நடுவில் ஒளி ஓடும் பாதையான கோர். சிங்கிள் மோட் ஃபைபரில் அது சுமார் 9 மைக்ரான்தான். நம் ரத்தத்தின் சிவப்பணு ஒன்றை அதன் மேல் வைத்தால் ஏறக்குறைய மூடிவிடும். விரல் பட்ட எண்ணெய்த் தடம், சட்டைத் துணியின் இழை, பிளாஸ்டிக் மூடியே விட்டுச்சென்ற துகள் என எது அங்கே உட்கார்ந்தாலும் ஒளியின் ஒரு பங்கு போய்விடும். உறை பிரித்த புத்தம் புதிய பேட்ச் கார்டையும் (ஸ்விட்சில் செருகும் குட்டை ஃபைபர் வடம்) பார்த்துவிட்டே செருக வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

இங்கேதான் நம்மவர்களின் ஒரு பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். லிங்க் டவுன் என்றதும் கார்டைக் கழற்றி, அடுத்த போர்ட்டில் செருகி, அதிலும் வரவில்லை என்றால் இன்னொன்றில் செருகிப் பார்க்கிறார்கள். இரண்டு கனெக்டர்களின் முனைகள் ஒன்றையொன்று அழுத்தித் தொட்டால்தான் ஒளி நன்றாகத் தாண்டும். அந்த அழுத்தத்தில் இடையே சிக்கிய தூசி நொறுங்கி இரண்டு முகங்களிலும் பதிகிறது, சில சமயம் கண்ணாடியையே கீறிவிடுகிறது. அழுக்கான ஒரு கார்டை நான்கு இடத்தில் செருகிப் பார்த்தவர், நான்கு இடத்துக்கும் பழுதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். பழுது பார்க்கிறோம் என்ற பெயரில் நடக்கும் இந்தக் கைவேலையே பல இடங்களில் பெரிய பழுது.

கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை ஸ்விட்சுக்குள்ளேயே இருக்கின்றன. ஃபைபரைச் செருகுவதற்காக ஸ்விட்சில் பொருத்தும் எஸ்.எஃப்.பி. மாட்யூல்களில் இன்று வரும் பெரும்பாலானவை தாம் அனுப்பும் ஒளியையும் தமக்கு வந்து சேரும் ஒளியையும் அளந்து சொல்லும். அதன் அலகு டிபிஎம். பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். மைனஸ் 10 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, மைனஸ் 20 என்றால் நூறில் ஒன்று. ஒவ்வொரு 3 டிபி இறக்கத்துக்கும் ஒளி பாதியாகும். மைனஸ் 40 என்று காட்டினால் ஒளியே வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிலோமீட்டர் ஓடக்கூடிய 10 ஜிகாபிட் எல்.ஆர். மாட்யூல் குறைந்தபட்சம் மைனஸ் 8.2 டிபிஎம் ஒளியை அனுப்பும், மைனஸ் 14.4 வரை வாங்கிப் படிக்கும். இடையே இழக்கக்கூடியது 6.2 டிபி மட்டுமே. 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.4 டிபி வீதம் 10 கிலோமீட்டருக்கு 4 டிபி கண்ணாடியிலேயே போய்விடும். மிச்சமிருக்கும் இரண்டு சொச்சத்தை ஓர் அழுக்குக் கனெக்டர் தின்றுவிடும். வளாகத்துக்குள் அரை கிலோமீட்டர் ஓடும் ஃபைபருக்கு இந்த நெருக்கடி கிடையாது. கண்ணாடியில் இழப்பது 0.2 டிபி, கனெக்டர்களில் ஒன்றோ ஒன்றரையோ. ஒரு முனையிலிருந்து மைனஸ் 2 கிளம்பி மறுமுனையில் மைனஸ் 13 வந்தால், லிங்க் ஓடிக்கொண்டிருந்தாலும் அங்கே ஏதோ இருக்கிறது. எரியும் பச்சை விளக்கு அதைச் சொல்லாது.

அடுத்தது திசை. ஃபைபர் இணைப்பு என்பது பெரும்பாலும் இரண்டு இழைகள்: போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. இரண்டு முனை ஸ்விட்சுகளை ‘அ’, ‘ஆ’ என்று வைத்துக்கொள்வோம். தவறாகப் படித்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கையான சி.ஆர்.சி. பிழைகள் ‘ஆ’ ஸ்விட்சில் மட்டும் ஏறுகின்றன என்றால், குற்றவாளி ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்குப் போகும் பாதையில்தான் இருக்கிறது: ‘அ’வின் லேசர், அந்த ஓர் இழை, அதன் கனெக்டர்கள், ‘ஆ’வின் ஏற்பி. பாதி இடத்தைத் தேடாமலே விட்டுவிடலாம். அதனால்தான் இரண்டு முனையிலும் ஆள் இருக்க வேண்டும், அல்லது இரண்டு ஸ்விட்சிலும் நுழைந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் அநேகமாகத் தப்பாகவே போகும்.

இரண்டு பக்கத்திலும் ஒளியே இல்லையென்றால் முதலில் இழைகள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் டிரான்ஸ்மிட் என்றால் எதிர்ப்பக்கம் ரிசீவாக இருக்க வேண்டும். ஒளி நன்றாக இருந்தும் ஒரு பக்கம் ‘அப்’, மறுபக்கம் ‘டவுன்’ என்றால், ஒரு ஜிகாபிட் லிங்க்கில் ஒரு முனையில் ஆட்டோ நெகோஷியேஷன் அணைக்கப்பட்டிருக்கலாம். நிறமும் சாட்சி சொல்லும். மஞ்சள் உறை பொதுவாக சிங்கிள் மோட். ஆரஞ்சும் வெளிர்நீலப் பச்சையும் மல்டி மோட். நடுவில் ஒரு துண்டு மாறியிருந்தால், சிங்கிள் மோடின் 9 மைக்ரான் கோரிலிருந்து மல்டி மோடின் 50 மைக்ரான் கோருக்குள் ஒளி எளிதாக நுழையும். திரும்பும்போது பெரும்பகுதி வெளியே சிந்தும். கனெக்டரில் பச்சை நிறம் என்றால் அதன் முகம் 8 டிகிரி சாய்த்துத் தேய்க்கப்பட்டது. அதை நீல நிறக் கனெக்டரோடு சேர்த்தால் நடுவே காற்று இடைவெளி விழும்.

நெடுந்தூர மாட்யூலைக் குறுகிய ஃபைபரில் போடுவதும் ஆபத்து. 80 கிலோமீட்டருக்கான லேசரை அடுத்த அறையில் இருக்கும் ஸ்விட்சுக்கு ஒளியைக் குறைக்கும் அட்டனுவேட்டர் இல்லாமல் கொடுத்தால் ஏற்பி கெட்டுப்போகலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் இழப்பு குறையவில்லை என்றால் பழுது வழியில் இருக்கிறது. ஓ.டி.டி.ஆர். கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் சிதறலைக் கொண்டு எத்தனையாவது மீட்டரில் இழப்பு என்று காட்டும். இதில் அழகான ஒரு நுட்பம் உண்டு. அதே இடத்தை 1310, 1550 ஆகிய இரண்டு அலைநீளத்திலும் அளந்து, 1550இல் இழப்பு கூடுதலாக இருந்தால், அங்கே ஃபைபர் இறுக்கமாக வளைந்திருக்கிறது. ரேக் கதவில் நசுங்கியதாக இருக்கலாம், கேபிள் டையை இறுக்கிக் கட்டியதாக இருக்கலாம். இழைகளை ஒட்டிய ஸ்பிளைசிங்கில் கோளாறென்றால் இரண்டு அளவும் ஏறக்குறைய ஒத்துப்போகும். தோண்டுவதற்கு முன் இதைப் பார்த்தால் ஒரு நாள் கூலி மிச்சம்.

சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் கிளீனர் பேனா போதும்; படிந்த எண்ணெய்க்கு இழை உதிராத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, உடனே உலர்ந்த பகுதியால் ஒற்ற வேண்டும். வாயால் ஊதக் கூடாது, சட்டையில் துடைக்கவே கூடாது. ஒளி வருகிறதா என்று முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பது எல்லாவற்றிலும் மோசம். 1310, 1550 அலைநீளங்கள் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததாலேயே கண் இமைத்து ஒளியைத் தவிர்க்கவும் முடியாது.

நெட்வொர்க்கைப் பராமரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய லிங்க் போட்ட அன்றே இரண்டு முனையின் ஒளி அளவையும் தேதியோடு எழுதி, ஃபைபர் வந்து முடியும் எல்.ஐ.யூ. பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பழுது வரும் நாளில் ஒப்பிட அந்த ஒரு தாள் இல்லாவிட்டால், எவ்வளவு ஒளி குறைந்தது என்பதை எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.