கொஞ்சம் மட்டும் கூட்டிச் சொல்வது ஏன்?

டேட்டிங் செயலிகளில் எல்லாரும் புளுகுகிறார்கள் என்பது பழகிப்போன புகார். காட்டலினா தோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எலிசன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். இணையத்தில் துணை தேடிய 80 நியூயார்க்வாசிகளின் உயரத்தை அளவு நாடாவிலும், எடையை மெஷினிலும், வயதை ஓட்டுநர் உரிமத்திலும் சரிபார்த்தார்கள். பத்தில் எட்டுப் பேர் இவற்றில் ஒன்றையாவது மாற்றிச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கணக்கைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பொய்யின் அளவு. ஆண்கள் உயரத்தைச் சற்றே கூட்டியிருந்தார்கள். பெண்கள் எடையைச் சற்றே குறைத்திருந்தார்கள். பெரும்பாலும் நேரில் பார்த்தாலும் பிடிபடாத வித்தியாசம். வயதில் கைவைத்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு.

எந்தத் தடையும் இல்லாத இடத்தில் ஏன் இவ்வளவு அடக்கம்? எழுதுகிறவருக்கு, படிப்பவரை நேரில் சந்திக்கும் ஆசை இருக்கிறது. ஆறு அங்குலம் கூட்டிச் சொன்னால் முதல் காபியிலேயே குட்டு உடைந்துவிடும். கொஞ்சமாவது கூட்டத் தூண்டுவதோ பல நேரம் தேடும் முறைதான். ஆறடிக்கு மேல் என்று ஒருவர் வடிகட்டினால், ஐந்தடி பதினொன்றரை அங்குலக்காரர் அவர் திரைக்கே வரமாட்டார். எலிசன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வயது வரம்பில் கழிந்துபோகாமலிருக்கவே வயதைக் குறைத்ததாகச் சிலர் சொன்னார்கள். இதை வஞ்சகம் என்று நான் சொல்லமாட்டேன். வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவோமோ என்ற பயம் அது.

புகைப்படங்கள் அப்படி இல்லையே என்பார்கள். உண்மைதான், தோமாவும் ஹான்காக்கும் பின்னர் ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்குப் படங்கள் ஆளோடு சரியாகப் பொருந்தவில்லை. பழைய படத்தைப் போட்டுவிட்டு, நாம் இப்படித்தான் இருக்கிறோம் என்று நம்புவது எளிது. காதல் பேசிப் பணம் பறிப்பவர்கள் இல்லையா என்ற கேள்வி இன்னும் கனமானது. அவர்களுக்குச் சந்திக்கும் எண்ணமே கிடையாது. அதனால்தான் அவர்கள் பொய்க்கு அளவும் இல்லை. கப்பலில் வேலை, ராணுவத்தில் பணி, கேமரா பழுது என்று சந்திப்பு மட்டும் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே சுயவிவரத்தை வரிக்கு வரி சந்தேகிப்பதைவிட, சில நாள் பேசியதும் பொது இடத்தில் சந்திக்கலாமா என்று கேட்பதே நல்ல சோதனை. தாமதத்தில் வேறொரு ஆபத்தும் உண்டு. எழுத்தில் மட்டும் பழகும்போது, தெரியாத இடங்களையெல்லாம் நல்லவிதமாக நாமே கற்பனையில் நிரப்பிக்கொள்கிறோம் என்று ஆய்வாளர் ஜோசஃப் வால்தர் 1996-லேயே விளக்கியிருக்கிறார். மாதக்கணக்கில் சாட்டிலேயே வளரும் அந்த உருவத்துக்கு, எதிர்முனையில் இருப்பவர் பொறுப்பாக முடியாது.