மருந்து வருவதற்கு முன்னால்

1981 இறுதியில் சான்பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதியில் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியில் சில புகைப்படங்கள் தென்பட்டன. பாபி கேம்பெல் என்ற ஆண் நர்ஸ், தன் உடம்பில் வந்திருந்த கருஞ்சிவப்புத் திட்டுகளைப் படமெடுத்து ஒட்டியிருந்தார். கபோசி சார்கோமா என்ற புற்றுநோய் அது. இப்படி இருந்தால் டாக்டரிடம் போங்கள் என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லத்தான் ஒட்டினார். அதற்குப் பின்னால் இருந்த நோய்க்கு எய்ட்ஸ் என்ற பெயரே அப்போது வரவில்லை.

தன்பாலீர்ப்பு ஆண்கள் திரளாக வாழ்ந்த, எய்ட்ஸ் கடுமையாகத் தாக்கிய பகுதி காஸ்ட்ரோ. முதல் மருந்தான ஏஇசட்டி 1987இல்தான் வந்தது. உயிரை நிஜமாகவே நீட்டித்த கூட்டு மருந்துகளுக்கு 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை பெரும்பாலும் செய்யக்கூடியது பராமரிப்புதான். அதை ஊர்கூடி ஓர் ஏற்பாடாக்கினார்கள். பின்னாளில் 'சான்பிரான்சிஸ்கோ மாதிரி' என்று பேர் வாங்கியது அதுதான்.

1983 ஜூலையில் நகரின் பொது மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே 5பி வார்டு திறந்தது. மொத்தம் 12 கட்டில். தொற்றிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டுத் தட்டை அறை வாசலிலேயே வைத்துவிட்டு ஊழியர்கள் நகர்ந்துவிடும் காலம் அது. இந்த வார்டுக்கு நர்ஸ்கள் தாங்களாக முன்வந்து சேர்ந்தார்கள். கையுறை இல்லாமல் நோயாளியின் கையைப் பிடித்தார்கள், கட்டிலிலேயே உட்கார்ந்து பேசினார்கள். பார்வையாளர் நேரம் என்று கறார் கிடையாது. தன் குடும்பம் யார் என்பதையும் நோயாளியே சொல்லலாம். பெற்றவர்கள் கைகழுவிவிட்ட எத்தனையோ பேருக்கு, சட்டம் உறவாக ஏற்காத துணைவர் பக்கத்தில் இருக்க முடிந்தது. என்னைக் கேட்டால், அந்த வார்டின் பெரிய சிகிச்சையே இதுதான்.

வீடு திரும்பியவர்களுக்கு 'சாந்தி' அமைப்பின் தொண்டர்கள் துணையிருந்தார்கள். சமைக்கத் தெம்பில்லாமல் கிடந்தவர்களுக்காக 1985இல் ரூத் பிரிங்கர் என்ற பாட்டி ஏழு பேருக்குச் சமைத்து அனுப்பத் தொடங்கினார். 'ஓப்பன் ஹேண்ட்' என்ற அந்தச் சமையற்கூடம் இன்றும் நடக்கிறது.

எல்லாம் ஒற்றுமையாக நடந்துவிடவில்லை. உடலுறவுக்கும் இடமாக இருந்த குளியல் விடுதிகளை மூட 1984 அக்டோபரில் சுகாதாரத் துறை உத்தரவிட்டபோது ஊரே இரண்டுபட்டது. உயிர் காக்கும் நடவடிக்கை என்றார்கள் சிலர்; அரசு படுக்கையறைக்குள் நுழைகிறது என்றார்கள் மற்றவர்கள்.

இன்னொரு குறையும் உண்டு. வசதியும் அரசியல் செல்வாக்கும் உள்ள ஒரு சமூகம் சம்பளமில்லாமல் உழைத்ததால் ஓடிய வண்டி இந்தச் சான்பிரான்சிஸ்கோ மாதிரி. போதை ஊசி வழியே தொற்று வாங்கிய ஏழைகளுக்கு அப்படிப்பட்ட அக்கம்பக்கம் இருக்கவில்லை. மற்ற நகரங்கள் இதை அப்படியே நகலெடுக்கத் திணறியதும் அதனால்தான்.