வெயிலில் ஓடுகிறது, டியூப்லைட்டில் ஓடவில்லை

டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், இது நிதானமாகப் பார்க்க வேண்டிய கோளாறு. உள்ளங்கை அளவு சோலார் செல், 0.1 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர், அறை வெப்பத்தை அளந்து ரேடியோவில் அனுப்பும் சின்ன போர்டு. மொட்டை மாடியில் வைத்தால் ஓடுகிறது. அறைக்குள் நாள் முழுக்க டியூப்லைட் எரிந்தாலும் உயிர் வருவதில்லை.

வெயிலில் அந்தச் செல் மில்லியாம்பியர் கணக்கில் தரும். அறைக்குள் சில பத்து மைக்ரோஆம்பியர் கிடைத்தாலே பெரிது. எனவே சேர்த்துவைத்துத்தான் செலவழிக்க முடியும். மேல்தொட்டி மோட்டாரின் தானியங்கி சுவிட்சைப் போல இதற்கும் இரண்டு மட்டம் வேண்டும்: 3 வோல்ட்டில் தொடங்கு, 2.2-ல் நிறுத்து என்று. இரண்டும் நெருங்கி இருந்தால் போர்டு எழும், விழும், மறுபடி எழும். காசு வடிவ சூப்பர் கெபாசிட்டருக்கு உள்தடையே பல பத்து ஓம் இருக்கும். 30 ஓம் என்றால், ரேடியோ 20 மில்லியாம்பியர் இழுத்த நொடியில் 0.6 வோல்ட் காணாமல் போகும்.

ஆனால் நம் போர்டு எழவே இல்லையே! அப்படியானால் 3 வோல்ட்டை எட்டவில்லை என்று பொருள். மட்டம் பார்க்கும் ஐசியைக் குறை சொல்லுமுன் பாதுகாப்புக்கு வைத்த பாகத்தைப் பாருங்கள். நிலைமின்சாரத்துக்குப் பயந்து யாரோ 3.3 வோல்ட் ஸீனர் டயோடு போட்டிருப்பார்கள். அது 3.3 வரை இறுக மூடியிருந்து பிறகு திறக்கும் என்பது பாடப்புத்தக ஸீனர். கடையில் கிடைக்கும் குறைந்த வோல்டேஜ் ஸீனர் அதற்கு வெகு முன்பே கசியத் தொடங்கிவிடும். செல் தரும் சில்லறை முழுவதும் அந்த வழியே கிரவுண்டுக்குப் போகிறது. வெயிலில் இது தெரியாது. வரவு அவ்வளவு அதிகம்.

கசிவை அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கெபாசிட்டரை ஓர் இரவு சப்ளையில் இணைத்து 3 வோல்ட்டிலேயே வைத்திருங்கள். புதிதாக சார்ஜ் ஏறிய சூப்பர் கெபாசிட்டர் தானாகவே கொஞ்சம் இறங்கி நம்மை ஏமாற்றும். பிறகு செல்லையும் சப்ளையையும் கழற்றிவிடுங்கள். 1,000 விநாடியில் 0.1 வோல்ட் இறங்கினால் கசிவு 10 மைக்ரோஆம்பியர். ஸீனரைக் கழற்றி மறுபடி அளந்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

அதற்காகக் காவலே இல்லாமல் விடக் கூடாது. சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே நம் விரலில் பொறி பறப்பதே உறைக்காது. மாஸ்ஃபெட்டின் கேட் அதற்கு முன்பே அடி வாங்கியிருக்கும். அடி வாங்கிய ஐசி எப்போதும் செத்துவிடுவதில்லை, சில சமயம் கசிய ஆரம்பிக்கும். அப்போதும் அறிகுறி இதேதான், வோல்டேஜ் ஏறாது. ஆகவே செல்லின் வயர் போர்டில் நுழையும் இடத்திலேயே டிவிஎஸ் டயோடு வையுங்கள். அதன் வேலை வோல்டேஜ், வெயிலில் செல் எட்டும் உச்சத்தைவிட மேலே இருக்கட்டும். டேட்டாஷீட்டில் கசிவு நானோஆம்பியரில் எழுதியிருக்க வேண்டும்.

அதன் பிறகும் எழவில்லையா? டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ 25570 போன்ற ஐசிகளில் மட்டங்களை நிர்ணயிக்கும் ரெசிஸ்டர்களின் மொத்தம் 13 மெகாஓம் அளவில் இருக்கும். சாதாரண மல்டிமீட்டரின் உள்தடையே 10 மெகாஓம்தான். அதை அங்கே வைத்த கணமே மட்டம் நகர்ந்துவிடும், நீங்கள் படிப்பது பொய்க்கணக்கு. சால்டர் ஃப்ளக்ஸ், விரல் வேர்வை, கடலோரக் காற்றின் ஈரம் எல்லாமே அங்கே ஒரு ரெசிஸ்டர்தான். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பிரஷை நனைத்துப் போர்டைத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிட்டு, மறுபடி டியூப்லைட்டின் கீழ் வையுங்கள்.