டிராக்டர் கிளம்பவில்லையா?

விதைப்பு ஈரம் யாருக்காகவும் காத்திருக்காது. அந்நேரத்தில் டிராக்டர் கிளம்ப மறுத்தால், கியரை நியூட்ரலில் வைத்துச் சாவியைத் திருப்பிப் பார்க்கவும். பழுது எங்கே என்பதைச் சத்தமே சொல்லிவிடும்.

'டக்' என்ற ஒலி மட்டும் வந்தாலோ, என்ஜின் மெதுவாகச் சுற்றினாலோ பெரும்பாலும் பாட்டரிக் கோளாறுதான். புதுவைப் பகுதியில் கனகசெட்டிக்குளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் பாட்டரி முனைகள் விரைவில் பூத்துவிடும். நெகடிவ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். சமையல் சோடா கரைத்த நீரை, பாட்டரிக்குள் இறங்காதபடி தொட்டுத் துடைத்து, வாசலின் தடவவும். நெகடிவ் ஒயரைக் கடைசியாக மாட்டவும். பாட்டரிக்கு வாலைவடிநீரே ஏற்றது. கிணற்று நீர் ஆகாது.

என்ஜின் நன்றாகச் சுற்றியும் புகையே வராவிட்டால் டீசல் சேரவில்லை என்று பொருள். நிறுத்தும் கம்பி உள்ளே தள்ளப்பட்டுள்ளதா, டாங்கில் டீசல் உள்ளதா எனப் பார்க்கவும். டீசல் தீர்ந்து மறுபடி ஊற்றியிருந்தால் குழாயில் காற்று நிற்கும். பில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்கவும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்கவும்.

புகை வந்தும் கிளம்பாவிட்டால் ஏர் கிளீனரில் அடைப்பு உண்டா எனப் பார்க்கவும்.

ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் இயக்கலாகாது. டீசல் பம்பை மட்டும் தாமாகப் பிரிக்காமல் மெக்கானிக்கிடம் விடுவதே நலம்.