‘க’வுக்கு எத்தனை ஒலி?

திருவண்ணாமலையில் ‘கிரிவலப் பாதை 14 கி.மீ.’ என்றொரு பலகை இருந்தால், தமிழ் தெரிந்த யாரும் தயங்காமல் படித்துவிடுவார்கள். கணினியைப் படிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே தடுமாறும். ‘கிழக்கு’ என்பதன் ‘கி’யும் ‘கிரி’யின் ‘கி’யும் எழுத்தில் ஒன்று, வாயில் வேறு. கல், பக்கம், பங்கு, பகல் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே ககரம் இடத்துக்கு இடம் ஒலி மாறுகிறது. இந்த மாற்றங்களுக்கு விதி உண்டு, விதியை நிரலாக எழுதிவிடலாம். ஆனால் காந்தியும் கங்கையும் வந்து விதியை மீறுவார்கள். போதாததற்கு, ‘10-ஆம் நாள் தீபம்’ என்பதைப் ‘பத்தாம் நாள்’ என்றும் ‘கி.மீ.’ என்பதைக் ‘கிலோமீட்டர்’ என்றும் விரித்துச் சொல்ல வேண்டும். தமிழுக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல இது. சூடானில் வெளியாகும் அரபுச் செய்தித்தாளில் குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதவே மாட்டார்கள். படிப்பவர்தான் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே உள்ள பள்ளம் எல்லா மொழியிலும் உண்டு. அதைத் தூர்ப்பதற்கு யார் மெனக்கெடுவது என்பதுதான் கேள்வி.

தமிழுக்கும் பிற இந்திய மொழிகளுக்கும் அப்படி மெனக்கெட்டவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் கணினி அறிவியல் பேராசிரியராகப் பணியாற்றிய ஹேமா மூர்த்தி. 1980-இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம். பிறகு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பேச்சொலிக் குழுவில் வேலை. 1986-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் முதுநிலை. 1992-இல் சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம். ‘சாஃப்ட்வேர் எஞ்சினியர்’ என்றதும் நம் ஊர்களில் ஓ.எம்.ஆர்., பெங்களூரு, அமெரிக்கா என்று ஒரு வரிசை மனத்தில் ஓடும். அதில் வாத்தியார் வேலைக்கு இடமில்லை. கம்பெனியில் இடம் கிடைக்காதவர் ஒதுங்கும் திண்ணை என்றே அதை நினைக்கிறோம். அந்தக் கணக்கு தவறு. சந்தை திரும்பிப் பார்க்காத மொழிக்குக் கருவி செய்வதற்கு, மாணவர்களோடு பல ஆண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் ஆசிரியர்தான் தேவைப்பட்டார்.

அவருடைய வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். நாம் பேசும்போது ஓர் அசைக்கும் அடுத்த அசைக்கும் நடுவே ஒலியின் ஆற்றல் சற்றுத் தாழ்ந்து எழும். நீளமான பதிவில் அந்தத் தாழ்வுகளைக் கணினியே கண்டுபிடித்தால், பேச்சை அசை அசையாக நறுக்கலாம். அதற்கான சமிக்ஞைக் கணிதத்தில்தான் அவருடைய தொடக்ககால ஆராய்ச்சி. பின்னாளில் மத்திய அரசின் நிதியில் பல கல்வி நிறுவனங்கள் சேர்ந்து, சென்னை ஐஐடியின் தலைமையில், எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளை 13 இந்திய மொழிகளுக்கு உருவாக்கியபோது அந்தக் கணிதம் கைகொடுத்தது. ஆணும் பெண்ணுமாகத் தாய்மொழிக்காரர்களை ஸ்டூடியோவில் உட்காரவைத்து மணிக்கணக்கில் படிக்கச் செய்து பதிந்தார்கள். மொழிக்கு மொழி வேறாக இருக்கும் எழுத்துகளில் ஒரே ஒலி உடையவற்றுக்குப் பொதுவான குறியீடு வகுத்தார்கள். அந்தக் குரல்களைப் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள்களோடு இணைத்தார்கள். இதே கையோடு மிருதங்கச் சொற்கட்டைக் கணினிக்குப் பிரித்துக் காட்டும் ஆராய்ச்சியும் நடந்தது என்பது கூடுதல் செய்தி. எந்தக் கம்பெனி மேலாளர் அதற்கு அனுமதி கொடுத்திருப்பார்?

இன்று கூகுளின் குரலே தமிழைச் சரளமாகப் படிக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். படிக்கிறது, உண்மைதான். ஆனால் கம்பெனிக் குரல் கம்பெனியின் சொத்து. நாளை அதற்கு விலை வைத்தால் நாம் கேள்வி கேட்க முடியாது. பல்கலைக்கழகப் பதிவுகள் ஆராய்ச்சிக்குப் பகிரப்பட்டவை. அதே ஐஐடியில் பிறகு வந்த ‘ஏஐ ஃபார் பாரத்’ என்னும் ஆய்வுக் குழு தன் புதிய தலைமுறைக் குரல்களை இந்தப் பதிவுகளைக் கொண்டே பயிற்றுவித்தது. விதை நெல்லைப் பகிர்ந்துகொள்வது போன்ற காரியம் இது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஹேமா மூர்த்தியின் குழு, ஐஐடிகளின் என்பிடெல் இணைய வகுப்புகளை இந்திய மொழிகளில் ஒலிக்கச் செய்யும் வேலையிலும் இறங்கியது: ஆங்கிலப் பேச்சை எழுத்தாக்கி, மொழிபெயர்த்து, மனிதர்கள் திருத்தி, மீண்டும் பேச்சாக்குவது. தொழில் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும்போது தமிழில் பாடம் கேட்டு என்ன லாபம் என்பதுதான் அந்த மறுப்பு. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. மாணவர் சேர்க்கை குறைந்ததால் 2023-இல் சில உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. பெற்றோரின் பயம் வெறும் பிரமை அல்ல. ஆனால் பயிற்றுமொழியை மாற்றுவதும், புரியாத பாடத்தை ஒருமுறை தமிழில் கேட்டுக்கொள்வதும் ஒன்றல்ல. செங்கத்திலோ போளூரிலோ தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து ஆரணியில் பொறியியல் சேரும் பெண் முதல் பருவத்தில் தடுக்கி விழுவது பெரும்பாலும் பாடத்தில் அல்ல, பாடம் சொல்லும் ஆங்கிலத்தில். தேர்வை அவள் ஆங்கிலத்திலேயே எழுதட்டும். கருத்து முதலில் தலைக்குள் போக வேண்டும்.

ஐஐடிப் பேராசிரியரின் கதை அந்தப் பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும் என்பவர்களுக்கு: 1980-இல் ஒரு பெண் பொறியியல் பட்டம் வாங்குவதற்கு இருந்த வசதி எல்லாருக்கும் வாய்த்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2022 முதல் அரசுப் பள்ளி மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்லூரி வாசல்வரை வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. உள்ளே போன பிறகு செய்யக் கிடைக்கும் பாடவேலைதான் சுவையற்றுக் கிடக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் ஊரறிந்த ரகசியம். செய்வதற்கு உருப்படியான வேலையோ காத்திருக்கிறது. ஸ்டூடியோக் குரல்கள் பேசுவது திருத்தமான தமிழ். சவ்வாது மலையிலும் தண்டராம்பட்டிலும் மக்கள் பேசுவதைக் கணினி புரிந்துகொள்ள அந்தப் பேச்சே பதிவாக வேண்டும். திருவண்ணாமலை மாவட்டக் கல்லூரிகளின் கணினித் துறைகள் வரும் கல்வியாண்டிலேயே, பேசுபவரின் சம்மதத்தோடு, அந்தப் பதிவை இறுதியாண்டு மாணவியரிடம் புராஜெக்டாக ஒப்படைக்கலாம். ஒரு கைப்பேசியும் சத்தமில்லாத ஓர் அறையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.