கணக்கு வராத பொண்ணா அவள்?

"டீச்சர் வேலைக்கென்ன, பத்து மணிக்குப் போனா நாலு மணிக்கு வீட்டுக்கு வந்திடலாம், பொம்பளைங்களுக்கு ஏத்த வேலை" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 33 வருஷம் வேலை பார்த்து 2022-ல் ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பத்துக்கும் நாலுக்கும் நடுவில் என்னவெல்லாமாக இருந்தேன் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

பிள்ளைகளுக்குப் பேன் பார்த்திருக்கிறேன். காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டிருக்கிறேன். சத்துணவு முட்டையை எண்ணியிருக்கிறேன். 1991, 2001, 2011 என்று மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் காகிதக் கட்டோடு தெருத்தெருவாக அலைந்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30-ந்தேதி 'தானே' புயல் எங்கள் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, கூரை போன குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடம்தான் வீடு. எந்த டீச்சரைக் கேட்டாலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். நான் எழுத வந்தது வேறு விஷயம்.

பள்ளியில் பதிவேட்டுக்குப் பஞ்சமே கிடையாது. நாளைக்கு என்ன நடத்தப் போகிறோம் என்பதற்குப் பாடக்குறிப்பு, யார் வந்தார்கள் என்பதற்கு வருகைப் பதிவேடு. ஆனால் இன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது என்று எழுத ஒரு நோட்டும் கிடையாது. அதனால் நானே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாலு வரி எழுதிக்கொண்டு வந்தேன். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. குஜராத்தில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த கிஜுபாய் பதேகா, நாலாம் வகுப்பு வாத்தியார் ஒருவர் தன் அனுபவத்தைத் தானே சொல்வது போல 1930-களிலேயே 'திவாஸ்வப்னா' என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் டொனால்ட் ஷோன் என்பவர், தொழில் செய்கிறவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே யோசித்துப் பார்ப்பது பற்றி 1983-ல் பெரிய புத்தகமே போட்டார். எனக்கு அதெல்லாம் ரொம்பப் பின்னால்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நாலு வரிதான்.

2006-ம் வருஷம் அஞ்சாம் வகுப்பில் ஒரு பெண். வீட்டில் எல்லோரும் கரும்பு வெட்டுகிறவர்கள். இங்கே கூட்டுறவு சர்க்கரை ஆலை அரவை ஆரம்பித்துவிட்டால், விடியுமுன்னே அப்பா அம்மா இரண்டு பேரும் வயலுக்குப் போய்விடுவார்கள். கடன் வாங்கிக் கழித்தல் அந்தப் பெண்ணுக்கு ஏறவே இல்லை. விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் வேலை செய்த ஒரு பையனின் அப்பா, சூளையில் கோணிப்போன குட்டி பொம்மைகளை ஒரு பை நிறையக் கொடுத்திருந்தார். யானை என்றால் பத்து, வாத்து என்றால் ஒன்று என்று வைத்து ஒரு யானைக்குப் பத்து வாத்து மாற்றிக் காட்டினேன். மற்ற பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். இவள் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்ப்பாள்.

அவள் அப்பா வந்தார். "கணக்கு வராத புள்ளைக்கு எதுக்கு டீச்சர் ஆறாவது? இந்த வருசத்தோட நிறுத்திடறேன். தம்பியைப் பாத்துக்கிட்டு வீட்ல கெடக்கட்டும்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஒரு நாள் முதல் பீரியடில் பத்துக் கணக்குக்கு மூன்று சரி. இன்னொரு நாள் கூட்டம் ஒன்று இருந்ததால் கணக்கை மதியத்துக்குத் தள்ளியிருக்கிறேன்; அன்றைக்கு எட்டு சரி! அப்புறம் வேண்டுமென்றே இரண்டு வாரம் காலையிலும் மதியமும் ஒரே மாதிரி கணக்காகக் கொடுத்துக் குறித்தேன். அவள் மட்டுமில்லை, ஏழு பேருக்கு அதே கதை. ஏழு பேர் வீட்டிலும் காலையில் அடுப்பு எரியாது. அது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? 2001 கணக்கெடுப்பில் அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான்தானே! இந்தப் பிள்ளைகளுக்கு அன்றைய முதல் சாப்பாடே மதியச் சத்துணவு. கணக்கு வராமல் இல்லை, பசி.

கொஞ்ச நாள் பன் வாங்கிக் கொடுத்தேன். ஏழு பேருக்குத் தினமும் என்றால் என் சம்பளத்தில் கட்டுப்படியாகவில்லை. கணக்கை மதியத்துக்கு மாற்றிவிட்டு, காலையில் கதையும் பாட்டும் வைத்தேன். பார்வைக்கு வந்த அதிகாரி, "காலையில்தாம்மா மூளை சுறுசுறுப்பா இருக்கும்" என்றார். நோட்டை நீட்டினேன். நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தார். "இது எந்தப் பதிவேட்டுல வருது?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் "சரி, நடத்துங்க" என்று போய்விட்டார்.

அதே நோட்டை அந்தப் பெண்ணின் அம்மாவிடமும் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். காலை மூணு, மதியம் எட்டு என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப எம்புள்ள மக்கு இல்லையா டீச்சர்?" என்று கேட்டார். அப்பாவிடம் அவர் என்ன பேசினாரோ, ஜூன் மாதம் அந்தப் பெண் ஆறாம் வகுப்புக்குப் போனாள்.

டீச்சர்களுக்கு மற்ற வேலையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தெருவுக்குள் போகாத டீச்சருக்கு அடுப்பு எரியாதது தெரியாது. ஆனால் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு வாக்காளர் பட்டியல் திருத்தப் போனதெல்லாம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வேலைகளை விடுமுறையிலும், பாடம் இல்லாத நேரத்திலும்தான் கொடுக்க வேண்டும் என்று 2007-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை இவற்றைத் தவிர வேறு வெளிவேலை தரக்கூடாது என்கிறது. நம்மில் எத்தனை டீச்சர்களுக்கு இது தெரியும்?

நான் ஓய்வு பெற்ற அதே 2022-ல், செப்டம்பர் 15-ந்தேதி, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் மதுரையில் ஆரம்பமானது. 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழ்நாடு முழுக்க எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. டி.வி.யில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உப்புமா சாப்பிடுவதைப் பார்த்தபோது, பரணில் இருந்த அந்தப் பழைய நோட்டை எடுத்துத் தூசி தட்டி வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு இப்போது முதல் பீரியட் கணக்கு எப்படிப் போகிறது? இப்படிக் குறித்து வைத்திருக்கும் டீச்சர்கள் யாராவது இருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். படிக்க ரொம்ப ஆசையாக இருக்கிறது.

– ஓய்வு பெற்ற ஆசிரியை, சேத்தியாத்தோப்பு.