கழுத்துச் சுரப்பியும் கதிர்களும்

வெயிலில் நாள் முழுதும் உழைப்பவரின் கழுத்து கறுத்து, தோல் தடித்துப்போவது கண்கூடு. அதைக் கண்டு, வெயிலின் புற ஊதாக் கதிர் இன்னும் உள்ளே சென்று தைராய்டு என்னும் கேடயச் சுரப்பியையும் கெடுக்குமோ என்று ஐயுறுவோர் உண்டு. வெயிலுக்கும் எக்ஸ் கதிருக்கும் அணுவின் கதிருக்கும் 'கதிர்' என்ற ஒரு சொல்லே வழங்குவதால் எழுந்த மயக்கம் இது.

புற ஊதாக் கதிரை 1801-ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் ஜெர்மானியரான ரிட்டர். முப்பட்டகக் கண்ணாடி பிரித்துக் காட்டும் நிறங்களில் ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இடத்தில், வெள்ளி குளோரைடு விரைந்து கறுப்பதை அவர் கண்டார். இக்கதிரின் ஆற்றல் மிக்க பகுதியை ஓசோன் மண்டலமே தடுத்துவிடுகிறது. எஞ்சி வருவதில் ஒரு பகுதி பெரும்பாலும் மேற்றோலோடு நின்றுவிடும். அம்மேற்றோலின் தடிப்போ உடலின் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே. மற்றொரு பகுதி அடித்தோல் வரை செல்லும். கேடயச் சுரப்பி கிடப்பது தோல், கொழுப்பு, தசை ஆகிய மூன்றுக்கும் கீழே, மூச்சுக் குழலைத் தழுவியபடி. ஆகவே எத்தனை ஆண்டு வெயிலில் நின்றாலும் அக்கதிர் சுரப்பியைத் தீண்டுவதில்லை. தோற்புற்று, கண்புரை ஆகியவையே அது விளைக்கும் கேடுகள். நிலநடுக்கோட்டு வெயிலில் தொப்பி அணியச் சொல்வது இவற்றுக்காகவே. இவையும் சிறிய கேடுகள் அல்ல.

எக்ஸ் கதிரின் இயல்பு வேறு. அது தோலையும் தசையையும் ஊடுருவிச் செல்வது. குழந்தைகளின் மார்பிலுள்ள தைமசுச் சுரப்பி இயல்பாகவே பெரிதாயிருக்கும். அதனை நோயெனக் கருதி, அமெரிக்க மருத்துவர் பலர் ஒரு காலத்தில் எக்ஸ் கதிர் பாய்ச்சினர். கேடயச் சுரப்பியில் புற்று கண்ட சிறுவர் பலர் அவ்வாறு கதிர் பாய்ச்சப்பட்டவர் என்பதை டஃபி, ஃபிட்சுஜெரால்டு என்னும் இருவர் 1950-இல் எடுத்துக் காட்டினர். இல்லாத நோய்க்குச் செய்த மருத்துவம் உண்மை நோயைத் தந்தது.

இவற்றினும் வியப்பானது கதிரியக்க அயோடின். அது வீசும் பீட்டாத் துகள் உடலின் தசையில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கு மேல் செல்லாது. வெளியிலிருந்து வந்தால் தோலோடு நின்றிருக்கும். ஆனால் அது வெளியிலிருந்து வருவதில்லை. கேடயச் சுரப்பி தன் சுரப்பு நீரை ஆக்க இரத்தத்திலுள்ள அயோடினை ஈர்த்துச் சேர்த்துக்கொள்ளும். நல்ல அயோடின், கதிர் வீசும் அயோடின் என வேறுபடுத்த அதற்குத் தெரியாது. பகைவனைத் தானே வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது போன்றது இது.

1986 ஏப்ரல் 26-ஆம் நாள், அப்போது சோவியத் ஒன்றியத்தில் அடங்கியிருந்த உக்ரேனில், செர்னோபில் அணு உலை வெடித்தது. காற்றிற் பரவிய அயோடின் புல்லில் படிந்தது; புல்லைப் பசு மேய்ந்தது; பாலைக் குழந்தைகள் பருகினர். அந்த அயோடின் 8 நாளில் பாதியாகக் குறைந்துவிடும். சில வாரங்கள் அப்பாலை நிறுத்தியிருந்தால் பெருங்கேடு தவிர்ந்திருக்கும். பல இடங்களில் நிறுத்தப்படவில்லை. உக்ரேன், பெலாரஸ், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகள் ஆகியவற்றில் அன்று சிறுவராயிருந்தோருள் 6,000-க்கு மேற்பட்டோர்க்கு 2005-க்குள் இப்புற்று கண்டது. அதில் கணிசமான பங்கிற்கு அப்பாலே காரணம் என்பது ஐக்கிய நாடுகளின் அறிவியற் குழு கண்ட முடிவு. மருத்துவத்தால் பெரும்பாலோர் பிழைத்தனர். 15 பேர் மாண்டனர்.

அண்டை நாடான போலந்து விரைந்து செயற்பட்டது. ஏப்ரல் 29 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிறுவர்க்கு அயோடின் மருந்து ஊட்டியது. நல்ல அயோடினால் நிரம்பிய சுரப்பி, பின்னால் வரும் தீய அயோடினை மிகுதியாக ஏற்பதில்லை. கதிர் வருமுன்போ வந்த சில மணி நேரத்துக்குள்ளோ உண்டால்தான் அம்மருந்து முழுப் பயன் தரும். சீசியம் முதலிய பிற கதிரியக்கப் பொருள்களுக்கு அது உதவாது. வெயிலுக்கு அஞ்சி அதனை உண்பது வீண்.